மூன்றாவது ஓட்டு

ஆவாரங்குறிச்சியில் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வரும், சண்டை தினமும் வரும். கிழக்கே ஒரு மேல்நிலைத் தொட்டி, மேற்கே ஒரு மேல்நிலைத் தொட்டி, நடுவில் நகராட்சி ஆபீஸ்; ஆபீசுக்குக் கிழக்கே இருக்கிறவன் கீழூர்க்காரன், மேற்கே இருக்கிறவன் மேலூர்க்காரன், இவன் வீட்டில் இழவு விழுந்தால் அவன் வீட்டில் பாயசம் வைப்பார்கள், அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு இவன் தெருவிலிருந்து ஒரு நாய்கூட எட்டிப் பார்க்காது. எந்தத் தெருவுக்கு எப்போது வால்வைத் திறப்பது என்பதை மனுஷன் கையில் விட்டால் வெட்டுக்குத்து விழும் என்று பயந்து நகராட்சி அதை ஒரு சர்வர் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தது, சர்வரைப் பேச்சியம்மாளிடம் ஒப்படைத்தது.

பேச்சி கயத்தாற்றுக்காரி, ஒப்பந்தத்தில் வந்தவள். கீழூரில் சொந்தம் கிடையாது, மேலூரில் பந்தம் கிடையாது. புருஷன் மகராசன் லாரி டிரைவர், மாதத்தில் இருபது நாள் ரோட்டிலேதான் குடித்தனம். அதனால் ஊர் ரெண்டுபட்டுக் கிடந்த காலத்திலும் ரெண்டு பக்கமும் நம்பின ஒரே ஆள் அவள்தான். நம்பிக்கை என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துவிடவேண்டாம், குழாயில் காற்று வந்தால் ரெண்டு பக்கமும் அவளுக்குத்தான் போன் போடும். அவள் நம்பரை ரெண்டு தொட்டியிலும் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். ஆறு வருஷமாக அந்த நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது. குளிக்கும்போது அடித்தது, கோயிலில் கும்பிடும்போது அடித்தது, ரெண்டு முறை அவள் வயிற்றில் தங்கின பிள்ளை தங்காமல் போனபோதும் ஆஸ்பத்திரிக் கட்டில்மேல் கிடந்து அடித்தது. ரெண்டாவது பிள்ளை போனது மேற்குத் தொட்டியின் இரும்புப் படியில். சர்வர் படுத்துவிட்டது, வால்வு மூடவில்லை, மூடப்போனவள் முப்பத்தாறாம் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் முறை தை மாசத்தில் நாள் தள்ளிப்போனது. சித்திரை வரைக்கும் மூச்சு விடாமல் இருந்த பேச்சி, வயிறு லேசாக மேடு தட்டினதும் ஒரு முடிவுக்கு வந்தாள். ஒற்றைச் சர்வரை நம்பினால் அது படுக்கிறபோதெல்லாம் தான் ஓடவேண்டும். ரெண்டாக வைத்துக் கட்டிவிட்டால் ஒன்று படுத்தால் மற்றது எழுந்து நிற்கும், ஊருக்கு எது படுத்தது எது எழுந்தது என்று தெரியக்கூடத் தெரியாது. இதற்குக் கிளஸ்டர் என்று பேர். ஆறு மாசமாகக் கோப்பில் கிடந்த ரெண்டாவது மெஷினுக்கு அனுமதி வாங்கி, ஒன்றைக் கிழக்குத் தொட்டி அறையிலும் மற்றதை மேற்குத் தொட்டி அறையிலும் வைத்து, ஆபீசில் தன் மேஜையில் உட்கார்ந்து கறுப்புத் திரையைத் திறந்தாள். அதில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு ஒரு சின்னக் கோடு மட்டும் நிற்கும், நாம் ஒரு வரி அடித்தால் அது ஒரு வரி பதில் சொல்லும். மூன்று நாள் அவள் அடித்தாள், அது சொன்னது. ரெண்டுக்கும் ஒரே ரகசியச் சாவியைப் போட்டாள். ரெண்டும் நொடிக்கு ஒருமுறை ஒன்றை ஒன்று கூப்பிட்டு "இருக்கியா" என்று கேட்கவும் "இருக்கேன்" என்று சொல்லவும் பழக்கினாள். கிழக்கு மெஷினின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள்; பதினோரு நொடியில் மேற்கு எழுந்து எல்லா வால்வையும் தன் கையில் எடுத்துக்கொண்டது, கீழூர்க் குழாய் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ரோடு தோண்டவந்த ஜேசிபி ரெண்டுக்கும் நடுவில் போன கேபிளை அறுக்கிற வரைக்கும். அறுந்ததும் கிழக்கு "இருக்கியா" என்று கேட்டது, பதில் இல்லை, சரி மேற்கு செத்துப்போச்சு என்று முடிவு பண்ணியது. மேற்கும் அதே கேள்வியைக் கேட்டுக் கிழக்கு செத்துப்போச்சு என்று முடிவு பண்ணியது. ரெண்டும் உயிரோடு இருந்துகொண்டு ரெண்டும் தானே ராஜா என்று ஊரிலுள்ள வால்வை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துவிட்டதில் ஆட்டுச்சந்தைக்குப் பக்கத்தில் பெரிய குழாய் வெடித்து மூன்று ஆட்டைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. ஊரைப் போலவே மெஷினும் இருக்கிறதே என்று பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

இதற்கு வைத்தியம் மூன்றாவது ஓட்டு. வேலை ஏதும் பார்க்காமல் ஓரமாக இருந்துகொண்டு, ரெண்டும் சண்டை போடும்போது "இதுதான் இருக்கு, அது இல்லை" என்று சாட்சி சொல்ல இன்னொரு மெஷின் வேண்டும். எழுதிக் கேட்டாள். தணிக்கையில் மடக்கிவிட்டார்கள்: வேலையே செய்யாது, ஓட்டு மட்டும்தான் போடும் என்றால் அதற்குத்தான் கவுன்சிலர்கள் இருக்கிறார்களே. பேச்சி வெறுத்துப்போய், ஒரு சின்ன புரோகிராமைத் தன் போனிலேயே ஏற்றி, மூன்றாவது ஓட்டு யாருடையது என்று திரை கேட்டபோது தன் பேரையே அடித்துக் கொடுத்தாள். பெரும்பான்மை இல்லாமல் போனால் என்ன செய்ய என்று அது அடுத்தபடியாகக் கேட்டது. அதற்கு மூன்று பதில்தான் உண்டு: எல்லாவற்றையும் நிறுத்து, கண்டுகொள்ளாதே, அப்படியே நில். நிறுத்தினால் தண்ணீர் இல்லை, கண்டுகொள்ளாவிட்டால் ஆடு போகும். அவள் "அப்படியே நில்" என்று அடித்து எண்டரைத் தட்டினாள். சித்திரை மாசம், வியாழக்கிழமை, காலை பதினோரு மணி.

வைகாசியில் அஞ்சாம் மாத ஸ்கேனுக்குத் திருநெல்வேலி போனாள். ஒன்பதரை பஸ்ஸில் ஏறினாள், பிள்ளை நல்லபடியாகக் கையைக் காலை ஆட்டுவதைப் பார்த்துவிட்டு, மூன்று மணிக்கு ஊர் வந்து சேரும் பஸ்ஸில் திரும்பினாள். ஊருக்கு ஒரு பர்லாங் இருக்கும்போதே கண்டக்டர் சொன்னார்: "யக்கா, உங்க ஊருக்கு என்ன கேடு? காலையில இருந்து மூணு டிரிப் வந்துட்டேன், ஒருத்தரும் ஏறல. ஹாரன் அடிச்சாலும் திரும்பிப் பாக்கல. நட்டு வச்ச மாதிரில்லா நிக்காவ." பேச்சி எட்டிப் பார்த்தாள். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் டீக்கடை மாஸ்டர் ஒரு கையை மேலேயும் ஒரு கையைக் கீழேயும் வைத்துக்கொண்டு நின்றார், நடுவில் டீ ஒரு முழத்துக்கு அந்தரத்தில் நின்றது. பஸ் கல்லைத் தாண்டியதும் டீ கிளாசில் விழுந்தது. அஞ்சரை மணி நேரம் நின்ற டீ, குடித்தவருக்கு நாக்குச் சுட்டது.

இதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், முதலில் கடிகாரத்தைத்தான் குறை சொன்னார்கள். பிறகு, பேச்சி எல்லைக்கல்லைத் தாண்டினால் ஊர் நின்றுவிடும், திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும் என்பது தெரிந்துபோனதும், அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நின்ற ஊருக்குள் மழை பெய்தாலும் நனையாது, வெளியாள் வந்து ஒரு குண்டூசியை எடுக்கப் பார்த்தாலும் அசையாது என்பதையும் வெளியூர்க்காரர் சொல்லி ரெண்டு மூன்று நாளில் தெரிந்துகொண்டார்கள். கீழூர்க் கவுன்சிலர் தங்கப்பழம், பலசரக்குக் கடைக்காரர், தராசைக் கையில் பிடித்தபடியே கேட்டார்: "மேலூர்க்காரன் அஞ்சரை மணி நேரம் வாயைத் தொறக்காம நின்னானா? அப்ப தினம் ஒருக்கா போயிட்டு வாங்க தாயி!" தபால் ஆபீஸ் பக்கத்து ஆள் ஒருத்தர் மூச்சிரைக்க ஓடிவந்து, "அம்மா, என் பெஞ்சாதி உலக்கையோட வாரா, ஒரு அஞ்சு நிமிசம் வெளிய போயிட்டு வாங்க" என்று கெஞ்சினார். "நான் போனா நீங்களும்தானே நிப்பிய, அண்ணாச்சி" என்றாள் பேச்சி. அவர் அதை யோசிக்கவில்லை. அதற்குள் உலக்கை வந்துவிட்டது.

சிரிப்பு எல்லாம் ஊருக்குத்தான். பேச்சிக்கு ஒரு இடத்தில் உட்கார இருப்புக்கொள்ளவில்லை. போனை ஓவர்சியரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு கல்வரைக்கும் நடந்து ஒரு காலை அந்தப் பக்கம் வைத்தாள். முதுகுக்குப் பின்னால் ஊரின் சத்தம் அப்படியே அறுந்தது. ஓட்டு போனில் இல்லை, அவளிடம்தான் இருந்தது. கறுப்புத் திரையைத் திறந்து தன் பேரை நீக்கும் வரியை அடித்தாள். எண்டரிலிருந்து விரலை எடுக்குமுன் மின்விசிறி நின்றது, மேஜைமேல் பறந்த ஈ பறந்த இடத்திலேயே நின்றது, பயந்துபோய்ப் பேரைத் திரும்ப அடித்தாள். வேறு பேரைப் போடலாம் என்றால், யார் பேரை? சப்-இன்ஸ்பெக்டர் பேரைச் சொன்னால் அவர் சம்சாரம் கீழூர் என்று மேலூர் துள்ளியது. பாதிரியார் என்றால் அவர் மீன் வாங்குவது மேலூர்க்காரனிடம் என்று கீழூர் குதித்தது. தணிக்கை மனசு மாறி மூன்றாவது மெஷினையே அனுப்பி வைத்தது. அதைத் தாலுகா ஆபீசில் வைத்தால் அது கிழக்கே பார்த்து இருக்கிறது என்றார்கள், திருப்பி வைத்தால் மேற்கே பார்த்து இருக்கிறது என்றார்கள். மெஷின் பாட்டுக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டுதான் இருந்தது, அதை நம்பத்தான் ஊரில் நாதி இல்லை.

ஆவணி பிறந்ததும் பேச்சியின் அம்மா பூரணம் கயத்தாற்றிலிருந்து வந்து இறங்கினாள். புரட்டாசி அஞ்சாம் தேதி, ஒன்பதாம் மாதம், வளைகாப்புப் போட்டு மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போகவேண்டும், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஊரே திரண்டு வந்து பூரணத்தின் காலில் விழாத குறையாகக் கெஞ்சியது. பிரசவம் இங்கேயே பார்த்துக்கலாம் என்றார்கள். டாக்டரம்மாவை இங்கேயே கொண்டுவந்து உட்கார வைப்போம் என்றார்கள். நீங்களும் இங்கேயே வந்து இருங்கம்மா, உங்க வீட்டுக்குத் தினமும் தண்ணி விடுறோம் என்றார்கள்.

"ஏ, நல்லாருக்கே கத" என்றாள் பூரணம். "எம்மவ ரெண்டு பிள்ளைய இந்த ஊருக்குத் தண்ணியா வார்த்தாச்சு. மூணாவதையும் கேக்கியளோ?"

நகராட்சிக் கூட்டத்தைக் கூட்டினார்கள்.

கூட்டம் காலை பத்து மணிக்கு. கவுன்சிலர்கள் உட்கார்ந்தார்கள், ஜன்னல் முழுக்க ஊர் நின்றது. மேலூர்க் கவுன்சிலர் சேர்மக்கனிக்கு அறுபது வயது, வாயைத் திறந்தால் எதிரே நிற்கிறவன் தோள் துண்டு தானே இறங்கும், அவள்தான் தீர்மானத்தை வாசித்தாள்: மாற்று ஏற்பாடு ஆகும்வரை பேச்சியம்மாள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. தங்கப்பழம் தன் வாழ்நாளில் முதல்முறையாக அவள் சொன்னதற்குத் தலையாட்டினார். பேச்சி மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நாப்பதாயிரம் பேருக்குத் தண்ணி விடுதேன்" என்றாள். "ஆறு வருசமாச்சு. இந்த ஊருல எனக்கு ஒரு தம்ளர் தண்ணி மோந்து குடுத்த ஆளு உண்டுமா? நான் யாரையும் குத்தம் சொல்லல. நான்தானே எல்லாருக்கும் குடுக்கது, எனக்கு எவன் குடுப்பான்? எங்கம்மை வீட்டுல போயி, பாயில கிடந்துக்கிட்டு, 'எம்மா, தண்ணி'ன்னு ஒரு சத்தம் குடுக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். போன் அடிக்காத இடத்துல ஒரே ஒரு பிள்ளைய முழுசாப் பெத்து எடுக்கணும். தொண்ணூறு நாளு. எண்ணி தொண்ணூறு நாளு எனக்கு வேணும்." கடைசியில் அவள் அழுதேவிட்டாள், துடைத்துக்கொள்ளவும் இல்லை.

தங்கப்பழம் தொண்டையைக் கனைத்தார். "எல்லாஞ் சரி தாயி. பிரசவங்கது பொம்பளைக்கு மறுபிறவிம்பாவ. எம் நாக்கைப் பொசுக்கணும், ஆனாலும் கேக்கேன். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா, நாங்க?"

ஜன்னலில் நின்றவர்கள் யாரும் அவரை அதட்டவில்லை. எல்லாருக்கும் இருந்த கேள்வி அதுதான்.

"ஆயிட்டா நிப்பிய, அண்ணாச்சி" என்றாள் பேச்சி. "நின்னுக்கிட்டேதான் இருப்பிய. நான் பொய் சொல்ல வரல."

சேர்மக்கனி தீர்மானத் தாளை நாலாக மடித்தாள், மறுபடி பிரித்தாள், பிறகு நீளவாக்கில் கிழித்தாள்.

"நான் தலைச்சன் பெத்தது எங்கம்மை வீட்டுல" என்றாள். "மூணு மாசம் ஒரு துரும்ப எடுத்து அங்கிட்டுப் போடல. பூண்டுக் குழம்பும் வெந்நியும் இருந்த இடத்துக்கு வரும். இந்த அறுவது வருசத்துல நான் பொழச்சது அந்த மூணு மாசம்தான், மத்ததெல்லாம் சும்மா ஓடுனது. ஏட்டி, போயிட்டு வா. மேலூரு நிக்கும்."

"மேலூரு நின்னா கீழூரு உக்காந்துருமோ?" என்று தங்கப்பழம் எழுந்துவிட்டார். "நாங்களும் நிப்போம். ஒங்களுக்கு முந்தி நிப்போம், பாத்துக்கிடும்!"

நிற்பது என்று முடிவானதும் ஊர் அதற்கும் ஒரு கல்யாணத்துக்குப் போலத் தயாரானது. தீபாவளி நடுவில் போய்விடுமே என்று பிள்ளைகள் அழுததால் அந்த வருஷம் ஆவாரங்குறிச்சியில் ஆவணிக் கடைசி ஞாயிற்றுக்கிழமையே தீபாவளி வந்தது, எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடியும் போட்டார்கள், காலாண்டுப் பரீட்சை போய்விடுமே என்று எந்தப் பிள்ளையும் அழவில்லை. சில பேர் வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டில் போய் இருந்துவிடலாம் என்று கிளம்பினார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்குத்தானே, நாலாம் நாள் திரும்பி வந்து, நின்றாலும் நம்ம வீட்டு வாசலில் நிற்போம் என்று சொல்லிவிட்டார்கள். மேலூர் முத்தரசி மட்டும், சார்ஜாவிலிருந்து வரும் புருஷனின் ஒரு மாத லீவு வீணாகக்கூடாது என்று ஆத்தாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். நிற்கிறபோது எப்படி நிற்பது என்பதுதான் பெரிய பேச்சாக இருந்தது. நாவிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் நிற்பேன் என்றார். பல்வலிக்காரர்கள் அதற்குமுன் பல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள், மூன்று மாசம் வலியோடு நிற்க முடியாது என்று. நின்றால் வலியும் நின்றுவிடும் என்று சொல்லியும் கேட்கவில்லை. சண்டைபோட்டுப் பேசாமலிருந்த புருஷன் பெண்டாட்டிகள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று மாசம் நிற்பதா என்று அவசரமாகச் சமாதானம் ஆனார்கள். உலக்கைக்காரி புருஷனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்ததை ஊரே பார்த்தது.

புரட்டாசி அஞ்சாம் தேதி காலை ரெண்டு கையும் வளையல் நிறைந்து பேச்சி பஸ் ஏறப் போனபோது ஊர் முழுக்க எல்லைக்கல் வரைக்கும் கூடவே நடந்துவந்தது. அடுப்பை அணைத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, கைப்பிள்ளைகளைத் தூங்கவைத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். கீழூர் ரோட்டின் அந்த ஓரம், மேலூர் இந்த ஓரம். பூரணம் முதலில் கல்லைத் தாண்டி நின்று கையை நீட்டினாள். பேச்சிக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்த்தால் போகமாட்டோம் என்று தெரிந்து பார்க்காமலே நடந்தாள். முதுகுக்குப் பின்னால் சேர்மக்கனியின் குரல் எல்லாச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"ஏட்டி பேச்சி, போயிட்டு—"

பேச்சியின் கால் கல்லைத் தாண்டியது. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

கயத்தாற்றில் பாய் விரித்திருந்தது, கேட்டபோதெல்லாம் தண்ணீர் வந்தது, கேட்காதபோதும் வந்தது. ஆனால் பழகின உடம்பு லேசில் கேட்குமா? போன் தலைமாட்டில் சும்மா கிடந்தது, அவள் அதை நிமிஷத்துக்கு நிமிஷம் எடுத்துப் பார்த்தாள். கூப்பிட ஆளில்லாத போனுக்கு ஒருநாளைக்கு மூன்றுமுறை சார்ஜ் போட்டாள். பாயில் கிடந்தவள் எழுந்து வாசலுக்குப் போவாள், வாசலிலிருந்து கொல்லைக்குப் போவாள். "இருக்கியா" என்று வயிற்றைப் பார்த்துக் கேட்பாள், உள்ளே ஒரு உதை விழும், ஒரு நிமிஷம் நிம்மதி, அடுத்த நிமிஷம் மறுபடியும் கேட்பாள். மகராசன் லாரியை ஆவாரங்குறிச்சி வழியாகத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுவான்: "எல்லாரும் போட்டது போட்டபடி நிக்காவ. சேர்மக்கனி கைய மேல தூக்குனபடி நிக்கு, அது கையில காக்கா உக்காந்திருந்துச்சு, வெரட்டிவிட்டுட்டு வந்தேன். நகராட்சிக் கமிஷனர் தினம் நெல்லையில இருந்து வந்து கையெழுத்துப் போடப் பாக்காராம், ரிஜிஸ்டரு தொறக்க மாட்டேங்குதாம்." பேச்சி சிரிப்பாள், சிரித்துவிட்டு அந்தக் கை வலிக்காதா என்று கேட்பாள்.

ஐப்பசி பிறந்த அன்று வலி எடுத்தது. ஒரு பகலும் ஒரு இரவும் எடுத்தது. நடுவில் ஒருமுறை கண் இருட்டிக்கொண்டு வந்தபோது, நாப்பதாயிரம் பேர் நிற்கிறார்களே என்ற ஒரே நினைப்பில் பல்லைக் கடித்தாள். விடிந்தபோது பெண்பிள்ளை, அழுகிற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டது. பேச்சி பிள்ளையின் ஒவ்வொரு விரலாக எண்ணிப் பார்த்தாள், எண்ணிமுடித்து மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம், அதைச் சொல்லி மாளாது.

கார்த்திகை முடிந்தது, மார்கழி பிறந்தது. தொண்ணூறாம் நாளுக்கு முந்தின நாள் பேச்சி துணி மடிக்க உட்கார்ந்ததும் பூரணம் வந்து பெட்டியை மூடினாள்.

"கோட்டிக்காரி, மார்கழியில பச்சப்பிள்ளையத் தூக்கிட்டு எவளாவது வாசப்படி எறங்குவாளா? தை பொறக்கட்டும். தையில்லன்னா மாசி. இன்னும் ஒரு வருசம் கழிச்சுப் போனாத்தான் என்ன? அவுகளுக்குத் தெரியவா போவுது? பத்து வருசம் ஆனாலும் அவுகளுக்கு நேத்தும் இல்ல, நாளையும் இல்ல."

அது உண்மைதான், அதில்தான் வினையே. யாரும் அழவில்லை, யாருக்கும் தாகம் இல்லை, யாரும் அவள் வரவில்லையே என்று வாசலைப் பார்க்கவில்லை. பிள்ளை மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. ஆறு வருஷத்தில் இல்லாத தூக்கம் இந்த ஒரு மாசமாகத்தான் கண்ணில் தங்க ஆரம்பித்திருந்தது. திரும்பிப் போனால் போன் அடிக்கும், கீழூர் திட்டும், மேலூர் திட்டும், பிள்ளை வளர்ந்து கல்லைத் தாண்டும்போதெல்லாம் பேச்சி கூடப் போகமுடியாது. போகாவிட்டால் ஒருத்தருக்கும் ஒரு நட்டமும் இல்லை. பேச்சி ஒரு பகல் முழுக்கப் பெட்டியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

"எம்மா" என்றாள் சாயங்காலம். "அவுகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்லா."

பூரணம் உள்ளே போய்ப் பிள்ளைக்குத் துண்டும் வசம்பும் எடுத்துக்கொண்டு வந்து பெட்டியில் வைத்தாள்.

தொண்ணூறாம் நாள் காலையில் பஸ்ஸை எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமே நிறுத்தச் சொல்லிப் பேச்சி இறங்கினாள். பிள்ளை தோளில் தூங்கியது. மார்கழிப் பனி ரோடு முழுக்க இறங்கியிருந்தது, கல்லுக்கு அந்தப் பக்கம் மட்டும் புரட்டாசி வெயில் அப்படியே நின்றது. அந்த வெயிலில் ஊர் நின்றது, ரோட்டின் அந்த ஓரம் கீழூர், இந்த ஓரம் மேலூர். போகும்போது திரும்பிப் பார்க்காததால் அவள் அந்த முகங்களைப் பார்த்திருக்கவில்லை. இப்போதுதான் பார்த்தாள். எல்லார் முகத்திலும் பயம். தங்கப்பழம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார், கண்ணில் முட்டிய தண்ணீர் விழாமல் நின்றது. உலக்கைக்காரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு புருஷன் சட்டையைப் பிடித்திருந்தாள். முன்னால் நின்ற சேர்மக்கனி கையை உயர்த்தி வாயைத் திறந்தபடி நின்றாள், இவள் திரும்ப வரமாட்டாளோ என்று அந்தக் கிழவியின் கண்ணில் அப்பட்டமாக எழுதியிருந்தது, அப்படி நினைத்துக்கொண்டேதான் தொண்ணூறு நாளும் நின்றிருக்கிறாள், அப்படி நினைத்துக்கொண்டேதான் போகச் சொல்லியிருக்கிறாள்.

பேச்சி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கல்லைத் தாண்டிக் காலை வைத்தாள்.

"—வா" என்றாள் சேர்மக்கனி.